மணிக்கட்டு எலும்பு ஒட்டவில்லையா? போன் கிராஃப்ட் வகைகள்: எனக்குச் செய்ததும் பிறருக்குப் பார்த்ததும்

மணிக்கட்டில் ஸ்கேபாய்டு என்கிற சின்ன எலும்பு உடைந்து மாதக்கணக்கில் ஆகியும் கூடவில்லை, போன் கிராஃப்ட், அதாவது வேறு இடத்து எலும்பை எடுத்து உடைந்த இடத்தில் வைத்து ஸ்குரூ போட வேண்டும் என்கிறார்கள், எங்கிருந்து எலும்பு எடுத்தால் நல்லது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு நம் உடம்பிலிருந்து எடுக்கிற எலும்புக்கு ஈடு இல்லை. அதை இடுப்பிலிருந்து எடுப்பதா, மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே எடுப்பதா, ரத்தக் குழாயோடு சேர்த்து எடுப்பதா என்பதை உடைந்த எலும்பின் நிலைமைதான் தீர்மானிக்க வேண்டும். அந்த நிலைமையைப் படம் காட்டி விளக்காமல் நேரே எஸ்டிமேட் தாளை நீட்டுகிற இடத்தில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன். வலது கைதான் பிழைப்பு. வண்டி சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தபோது முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றும் இல்லை, சுளுக்குதான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். ஸ்கேபாய்டில் இது அடிக்கடி நடக்கிறது, விழுந்த அன்று எடுக்கிற எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். ஆனால் கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு குழி விழும் பாருங்கள், அந்தக் குழியில் அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஸ்கேபாய்டு உடைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கை அசையாமல் ஸ்ப்ளின்ட் போட்டு வைத்து, 10, 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரேயோ, முடிந்தால் முன்னாடியே எம்ஆர்ஐயோ எடுத்துப் பார்ப்பதுதான் முறை. அந்தக் குழியை அங்கே யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது, ஏனென்றால் அப்போதே கட்டுப் போட்டிருந்தால் இந்த எலும்பு முறிவில் பெரும்பாலானவை கிராஃப்ட் இல்லாமலே கூடிவிடும்.

இந்த எலும்பு ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். மணிக்கட்டில் இருக்கிற எட்டுச் சின்ன எலும்புகளில் ஒன்று இது, அளவிலும் வளைவிலும் ஒரு முந்திரிப்பருப்பு மாதிரி. மேற்பரப்பில் பெரும்பகுதி வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருப்பதால் ரத்தக் குழாய் உள்ளே நுழைய இடம் குறைவு. போதாததற்கு, வருகிற ரத்தத்தில் 70, 80 சதவீதம் எலும்பின் நடுப்பகுதியை ஒட்டிப் புறங்கைப் பக்கமாக நுழைந்து முழங்கைப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் பின் துண்டுக்கு ரத்தம் குறையும், பின் முனையிலேயே உடைந்தால் அந்தத் துண்டு கிட்டத்தட்ட அநாதை. சிலருக்கு அது செத்தே போகும். ஒட்டாமல் விட்டால் முதலில் லேசான வலி, பிடி தளர்வது, அப்புறம் வருடங்கள் போகப் போக மணிக்கட்டு மூட்டே ஒரு பக்கத்திலிருந்து தேய ஆரம்பிக்கும். அந்தத் தேய்மானம் முற்றிவிட்டால் பிறகு எந்தக் கிராஃப்டும் பயன்படாது, எலும்பை எடுத்துவிடுவது, மூட்டின் ஒரு பகுதியை இறுக்கிவிடுவது என்று வேறு வகை ஆபரேஷன்தான். அதனால் வலி பெரிதாக இல்லையே என்று தள்ளிப்போடக் கூடாது.

சரி, எஸ்டிமேட் கதைக்கு வருகிறேன். எலும்பு கூடவில்லை என்று தெரிந்ததும் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். எக்ஸ்ரேயை விளக்கில் செருகிப் பார்த்த வேகத்தில் ஆபரேஷன் என்றார்கள், அடுத்த மேசையில் ஒரு பெண் எஸ்டிமேட் தாளை நீட்டினார். ஸ்குரூ ஒரு வரி, தியேட்டர் ஒரு வரி, மயக்க மருந்து ஒரு வரி, அதற்குக் கீழே எல்லாவற்றையும்விடக் கனமான தொகையில் "செயற்கை எலும்பு, ஒரு பாக்கெட்" என்று இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "இடுப்புல வெட்ட வேண்டாம் சார், வலியே இருக்காது" என்றார். என் எலும்பு வளைந்திருக்கிறதா, பின் துண்டு உயிரோடு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, சிடி ஸ்கேன்கூட எழுதவில்லை. தாளை மடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

அப்புறம் போனது கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனை. இந்த விமர்சனமே முக்கியமாக அந்தப் பிரிவின் சேவையைப் பற்றித்தான். பொதுவாக ஒன்று: தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் வெங்கடசுவாமி உருவாக்கிய கை அறுவைத் துறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது, கோவை கங்கா மருத்துவமனைக்குக் கை அறுவை கற்றுக்கொள்ள வெளிநாட்டிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வருகிறார்கள். இடுப்பு, முழங்கால் எலும்பு பார்க்கிற நல்ல டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்தான், ஆனால் ஒட்டாமல் போன ஸ்கேபாய்டு என்றால் கை மட்டும் பார்க்கிறவரிடம் ஒரு தடவையாவது காட்டிவிடுங்கள்.

அங்கே முதல் வேலையாக சிடி எழுதினார்கள். சாதாரண மணிக்கட்டு சிடி இல்லை, ஸ்கேபாய்டின் நீளவாட்டுக்கு ஏற்பச் சாய்த்து, மெல்லிய துண்டு துண்டாக எடுக்கிற சிடி. கை அறுவை டாக்டர் மேடம் அந்தப் படத்தைக் கணினியில் நகர்த்திக் காட்டி, "இங்க பாருங்க தம்பி, எலும்பு கூன் போட்டிருக்கு" என்றார். நடுவில் உடைந்த இடம் உள்ளங்கைப் பக்கம் அரித்துப்போய், இரண்டு துண்டும் மடங்கி, உண்மையாகவே கூனல் முதுகாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் மணிக்கட்டைப் பின்னால் மடக்கிக் கேமராவைத் தாங்கும்போது ஏன் ஓர் எல்லைக்கு மேல் போகவில்லை என்பது எனக்கு விளங்கியது. பின் துண்டுக்கு ரத்தம் போகிறதா என்று எம்ஆர்ஐயில் ஓரளவு தெரியும், ஆனால் கடைசித் தீர்ப்பு தியேட்டரில்தான் என்றார். ரத்தத்தை நிறுத்தக் கையில் இறுக்கியிருக்கிற பட்டையைத் தளர்த்தினால் எலும்பில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசிய வேண்டும், கசிந்தால் துண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் கேட்ட கேள்விகள் மூன்றுதான். துண்டு உயிரோடு இருக்கிறதா, எலும்பு கூன் போட்டிருக்கிறதா, மூட்டு தேய்ந்துவிட்டதா. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தக் கிராஃப்ட் என்பது பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

எனக்கு வைத்தது இடுப்பெலும்பு. பெல்ட் உட்காருகிற மேட்டிலிருந்து, கெட்டியான ஓடும் உள்ளே இருக்கிற பஞ்சு எலும்பும் சேர்ந்த ஒரு சின்ன ஆப்பு வெட்டி எடுத்து, கூனை நிமிர்த்தி, அரித்துப்போன இடைவெளியில் செருகி, ஸ்குரூ போட்டு இறுக்கினார்கள். இது பழைய, நன்றாகத் தேறிய முறை. ஸ்கேபாய்டுக்குள் குடைந்து எலும்பு வைப்பதை 1937-ல் மாட்டி என்பவர் எழுதினார், 1960-ல் ரூஸே அதை உள்ளங்கைப் பக்கத்திலிருந்து செய்தார், கூனை நிமிர்த்துகிற ஆப்பு முறையை 1984-ல் ஃபெர்னாண்டஸ் செம்மையாக்கினார். அதே 1984-ல் ஆஸ்திரேலியாவின் ஹெர்பர்ட் தலையில்லாத ஸ்குரூவை வெளியிட்டார். இரண்டு முனையிலும் மரை வெவ்வேறு இடைவெளியில் இருப்பதால் முறுக்க முறுக்க இரண்டு துண்டும் நெருங்கி வரும், தலை இல்லாததால் முழுக்க எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும், மூட்டில் உரசாது. இது சின்ன விஷயம் இல்லை. நிலையில்லாத முறிவுகளில் ஸ்குரூவோடு கிராஃப்ட் வைத்தால் 94 சதவீதம் கூடியது, வெறும் கம்பியோடு வைத்தால் 77 என்று 2002-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த எலும்பு என்று கேட்கிற எல்லாரும் எதை வைத்துப் பிடிக்கப் போகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

இடுப்பு வலியைப் பற்றி யாரும் முன்கூட்டியே முழுசாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கையைவிட இடுப்புதான் முதலில் படுத்தியது. இருமினால் வலிக்கும், கட்டிலில் புரண்டால் வலிக்கும், மாடிப்படி ஏறினால் வலிக்கும். கைலியின் முடிச்சு அந்தத் தையல் மேல் பட்டாலே சுரீர் என்றது, கயிறு வைத்த தளர்ந்த பேண்ட்டுக்கு மாற வேண்டியிருந்தது. வீட்டில் இந்தியன் கழிப்பறை மட்டும் இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நாற்காலி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், ஒரு கைக்குக் கட்டுப் போட்டிருக்கும்போது உட்கார்ந்து எழுவது நரகம். தொடையின் வெளிப்பக்கம் ஒரு கையகலத்துக்கு மரத்துப்போனது, அங்கே ஓடுகிற தோல் நரம்பு இழுபடுவதால் சிலருக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் மெல்லச் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: எலும்பு கூன் போட்டிருந்தால் நிமிர்த்தித் தாங்கிப் பிடிக்க இந்த மாதிரி கெட்டித் துண்டு வேண்டும், அந்த வலிக்குப் பலன் இருக்கிறது.

கூன் இல்லாதவர்களுக்கு இந்தப் பாடு தேவையே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய தகவலாக இருந்தது. பிசியோ அறையில் என்னோடு உட்காரும் ஒரு கொத்தனார் அண்ணனுக்கு முன்கை எலும்பின் மணிக்கட்டு முனையிலிருந்தே பஞ்சு எலும்பைச் சுரண்டி எடுத்து வைத்திருந்தார்கள். அதே வெட்டைக் கொஞ்சம் நீட்டினால் போதும், இடுப்பில் கத்தி படாது, முழு மயக்கமும் வேண்டாம், தோள்பட்டையில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்தே முடித்துவிடலாம். வைக்கிற துண்டு தாங்கு பலம் தர வேண்டிய தேவை இல்லாதபோது, கூடுவதில் இடுப்பெலும்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. அண்ணன் அடுத்த நாளே நடந்து டீக்கடைக்குப் போய்விட்டார். உங்கள் சிடியில் எலும்பு நேராக இருந்தால், டாக்டர் இடுப்பு என்று சொன்னால், "கையிலிருந்தே எடுத்தால் போதாதா சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் என்றால் காரணம் சொல்வார், கோபப்பட மாட்டார்.

அடுத்தது ரத்தக் குழாயோடு எடுக்கிற எலும்பு. பின் துண்டு செத்துப்போயிருந்தால், அல்லது ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் தோற்றிருந்தால் இந்தப் பேச்சு வரும். முன்கை எலும்பின் புறங்கைப் பக்கத்தில் ஓடுகிற மெல்லிய ரத்தக் குழாய் ஒன்றை அறுக்காமல், அதில் தொங்கிக்கொண்டிருக்கிற சின்ன எலும்புத் துண்டை அப்படியே திருப்பி உடைந்த இடத்தில் பதிப்பார்கள். 1991-ல் அர்ஜென்டினாவின் சைதெம்பெர்க் எழுதிய முறை. எலும்போடு ரத்த ஓட்டமும் போவதால் செத்த துண்டுக்கு நம்பிக்கை. நான் மேலே சொன்ன 2002 தொகுப்பில், பின் துண்டு செத்தவர்களுக்கு இது 88 சதவீதம் கூட்டியது, ஸ்குரூவோடு வைத்த சாதாரண ஆப்பு 47 சதவீதம்தான். இந்த எண்ணை எல்லா டாக்டரும் சொல்வார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 2015-ல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பில், ஒட்டாத ஸ்கேபாய்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ரத்தக் குழாய் எலும்பு 92, சாதாரண எலும்பு 88, அவ்வளவுதான் இடைவெளி. அதனால் துண்டு உயிரோடு இருக்கிறவருக்கும் இதுதான் உசத்தி என்று யாராவது விற்றால் ஏற்காதீர்கள். புறங்கைப் பக்கம் வைப்பதால் கூனை நிமிர்த்துவதற்கும் இது அவ்வளவாக உதவாது, குழாய் முறுக்கிக்கொண்டால் செய்ததே வீண். செய்து பழகிய கை வேண்டும்.

கூனும் இருக்கிறது, துண்டும் செத்துவிட்டது என்றால்தான் முழங்கால். இதை ஒரு கல்லூரிப் பையனுக்குச் செய்திருந்தார்கள், முந்தின ஆபரேஷன் வேறு எங்கோ தோற்று வந்தவன். தொடை எலும்பின் முழங்கால் முனையில், உள்பக்கமாக, ரத்தக் குழாயோடு ஒரு துண்டு எடுத்து மணிக்கட்டில் வைத்து, அந்தக் குழாயை மணிக்கட்டுக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்க வேண்டும். முடி மாதிரி நூல், மணிக்கணக்கில் ஆபரேஷன். ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் 1990களில் வளர்த்தெடுத்த முறை. பையனின் அம்மா என்னிடம், "காலையில உள்ள போனான் தம்பி, எனக்குச் சாப்பாடே இறங்கல" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். முழங்கால் வலியில் அவன் கொஞ்ச நாள் சாய்ந்து சாய்ந்து நடந்தான், மூன்று மாத சிடியில் எலும்பு பாலம் போட்டிருந்தது என்று படத்தை எல்லாருக்கும் காட்டினான். எனக்கே கண் கலங்கியது. ஆனால் இது கடைசிப் படி, மைக்ராஸ்கோப்பில் குழாய் தைக்கும் குழு உள்ள இடத்தில் மட்டும்தான் செய்துகொள்ள வேண்டும்.

இனி அந்த செயற்கை எலும்பு பாக்கெட். கால்சியம் பாஸ்பேட் வகைத் துகள்கள், தானம் பெற்ற எலும்பைப் பதப்படுத்திச் செய்த பொடி, பசை என்று பல பெயரில் வருகின்றன. கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை, வேறு இடங்களில், பெரிய குழி நிரப்ப, கட்டி எடுத்த இடத்தில் என்று இவற்றுக்கு வேலை இருக்கிறது. ஆனால் துகள்களில் உயிருள்ள செல் கிடையாது, கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி, புது எலும்பு ஏறி வளரப் பெரும்பாலும் ஒரு சாரம் மட்டும்தான் அது. ஏறுவதற்கு ரத்தமும் செல்லும் பக்கத்திலிருந்து வர வேண்டும், ஸ்கேபாய்டின் பிரச்சினையே அது வராததுதான். நமது எலும்பு செல்லையும், வளரத் தூண்டுகிற பொருளையும், சாரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது, அதுவும் பைசா செலவில்லாமல். இடுப்பு வலிக்குப் பயந்து பாக்கெட்டுக்குப் போகிறவர்களே, முன்கையிலிருந்து எடுக்கிற வழி இருப்பதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் யோசியுங்கள்.

பீடி, சிகரெட் பற்றி ஒரு வரி. எந்தக் கிராஃப்ட் வைத்தாலும் புகை அதைக் கெடுக்கும், எலும்பு கூடுகிற வாய்ப்பைக் குறைப்பதில் இது தெளிவாகத் தெரிந்த காரணம். எங்கள் பிரிவில் நிறுத்தாதவர்களுக்கு ஆபரேஷன் தேதியையே தள்ளிப்போட்டார்கள். சரிதான்.

சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. விளக்கிச் சொன்னதற்கு முழு மதிப்பெண். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மேடமே வந்து, தியேட்டரில் துண்டில் ரத்தம் கசியவில்லை என்றால் திட்டம் மாறும், புறங்கைப் பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லி, ஒப்புதல் தாளில் அதையும் தமிழில் எழுதி என் கையெழுத்தை வாங்கினார். கை பிசியோவுக்கென்றே தனி ஆள் இருந்தார், கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்ட வைத்தார், அதனால் கட்டைப் பிரித்தபோது விரல் இறுகவில்லை. கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரேயை வைத்து முடிவு செய்யாமல், மூன்று மாதத்தை ஒட்டி மறுபடி சிடி எடுத்து, பாதிக்கு மேல் எலும்பு பாலம் போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் எடை தூக்க விட்டார்கள். எக்ஸ்ரேயில் கூடின மாதிரி தெரிந்து உள்ளே கூடாமல் இருப்பது இந்த எலும்பில் சகஜம், இந்த சிடியை வேண்டாம் என்று சொல்லி மிச்சப்படுத்தாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்கள் இடுப்புத் தையலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, எப்போது நனைக்கலாம், எப்படிப் படுக்கலாம் என்று போன் பண்ணித்தான் கேட்டோம். பிசியோ நேரம் காலையில் மட்டும், வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தை விட்டுத்தான் வர வேண்டும். இந்த மூன்றுக்காக ஐந்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

இப்போது வலது கையில் பிடி பலம் இடது கையைவிடக் கொஞ்சம் குறைச்சல், மணிக்கட்டு பின்னால் முன்பு போல முழுசாக மடங்கவில்லை, ஆனால் முகூர்த்த நேரம் முழுக்க கேமராவைத் தாங்கிப் பிடிக்க முடிகிறது. ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்கள் உங்கள் பழைய எக்ஸ்ரே, சிடி படங்களை ரிப்போர்ட்டாக மட்டும் வாங்காமல் குறுந்தட்டில் (CD) பதிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கிராஃப்ட் என்று இரண்டாவது டாக்டரிடம் கேட்கும்போது அவருக்கு வேண்டியது அந்தப் படம்தான். இதில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்த அளவுக்குப் பதில் எழுதுகிறேன்.